அறுபது குடமும் ஆயிரத்து இருநூறு செடியும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்த நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் ஆவுடைத்தாய் அக்கா அவர்களே, நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் காலனித் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஞானபாய். நிலையத்தின் பூச்சியியல் பிரிவில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். புழுவோடும் வண்டோடும் பழகியவளே தவிர மேடையில் பேசிப் பழகியவள் அல்ல. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மக்காச்சோள ஆராய்ச்சியாளர் டாக்டர் ஆறுமுகநயினார் அவர்கள் நம்மை விட்டுப் போய் இன்றோடு பத்தொன்பது நாள். பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது. இனி என்ன இருக்கிறது? நல்ல மனிதர் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? நானும் அப்படித்தான் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் எனக்கு முன் பேசியவர்களில் மூன்று பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "அவருடைய முயற்சி வெற்றி பெறாவிட்டாலும்" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். அதைக் கேட்டபோது அவர் மனைவி ஆவுடைத்தாய் அக்கா தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன். எழுதி வந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

முயற்சி தோற்றது என்று யார் சொன்னது? அவரே சொன்னார். அவருடைய திட்டத்தைப் பார்வையிட மே மாதம் வந்த மூவர் குழுவின் முன்னால் நின்று, "செடி தாங்கவில்லை" என்று தன் வாயால் சொன்னார். தன் கையால் கையெழுத்தும் போட்டார். உண்மை.

ஆனால் அவர் சொன்னது பொய்! பதினாறு ஆண்டுகளில் அந்த மனிதர் வாயிலிருந்து வந்த ஒரே பொய். அவர் அதைச் சொன்னபோது பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான்.

அதை இன்று சொல்லத்தான் நிற்கிறேன். முதலிலிருந்து சொல்லுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு. அரிசி கிடைக்காத காலம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கப்பலில் வந்த மஞ்சள் மாவில் உப்புமா போட்டார்கள். உங்களில் எத்தனை பேர் அதைத் தின்று படித்தவர்கள் என்று எனக்குத் தெரியும். நயினார் சார் ஒரு நாள் ஒரு பள்ளிக்கூட வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். மறுநாள் என்னிடம் வந்து, "ஞானம்மா, அந்த மாவு எந்தச் செடியிலிருந்து வருதுன்னு நம்ம பிள்ளைகளுக்குத் தெரியாது. கப்பல் வராட்டி என்ன செய்வாவ?" என்று கேட்டார்.

மக்காச்சோளத்தை இங்கேயே விளைவிக்க வேண்டும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தென்னையும் மரச்சீனிக் கிழங்கும் நெல்லும் விளையும் இந்தத் திருவனந்தபுரத்தில் சோளமா? அவர் சொன்னார்: "தண்ணி இருக்கிற நிலத்தைப் பத்தி நான் பேசல்ல. விழிஞ்ஞம் போற வழியில செம்மண் மேடு சும்மா காயுதே, அதைப் பத்திப் பேசுதேன்." அந்த மேட்டிலேயே நிலையத்துக்குச் சொந்தமான ஆறு ஏக்கரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்திருந்த இசக்கிப்பாண்டியைத் தினக்கூலிக்குச் சேர்த்துக்கொண்டார். அந்த இசக்கிப்பாண்டி இப்போது இங்கே மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

தண்ணீர் இல்லாமல் நிற்கும் மக்காச்சோளத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முதலில் இலையைச் சுருட்டிக்கொள்ளும். வெயில் படும் இடத்தைக் குறைத்துக்கொள்ளும். இலையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகளை மூடிக்கொள்ளும். மூடினால் தண்ணீர் வெளியே போகாது. ஆனால் சாப்பாடும் உள்ளே உண்டாகாது. வேர் கீழே கீழே போய்த் தேடும். இதையெல்லாம் புத்தகத்தில் "தாங்கும் திறன்" என்று எழுதுவார்கள். நயினார் சாருக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. "தாங்குதுன்னு நாம சொல்லுதோம். அது பட்டினி கிடக்குது. எத்தனை நாள் கிடக்கும்னுதான் கணக்கு" என்பார்.

அந்தக் கணக்கைப் பார்க்க அவர் தேர்ந்தெடுத்த நேரம் எது தெரியுமா? பகல் ஒரு மணி! நாமெல்லாம் சோற்றுப்பொதியை அவிழ்க்கும் நேரத்தில் அவர் செம்மண் மேட்டில் நிற்பார். ஒரு மணிக்குப் பார்த்தால்தான் எந்தச் செடி கடைசியாகச் சுருள்கிறது என்று தெரியும். ஐந்து மணிக்குப் பார்த்தால்தான் எது முதலில் விரிகிறது என்று தெரியும். பதினாறு கோடையும் அப்படி நின்றார். அவர் பின்கழுத்துத் தோல் எப்படி வெந்து கறுத்துப்போயிருந்தது என்பதை அவரைக் குளிப்பாட்டியவர்கள் சொல்வார்கள்.

சுருள்வதும் விரிவதும் பெரிய காரியமல்ல. பெரிய காரியம் பூக்கும் பத்து நாள். மக்காச்சோளத்தில் ஆண்பூ உச்சியில் வரும். பெண்பூ இடுப்பில், கதிருக்குள் இருக்கும். கதிரின் நுனியில் பட்டுநூல் மாதிரி வெளியே நீளும். உச்சியிலிருந்து மகரந்தம் விழ வேண்டும். நூல் அதைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு நூலும் ஒரு மணி. வறட்சியில் என்ன ஆகும்? ஆண்பூ வழக்கம்போல் வந்துவிடும். செடிக்கு நூல் விடத் தெம்பிருக்காது. ஒன்பது நாள், பத்து நாள் கழித்து நூல் வெளியே வரும்போது மேலே மகரந்தம் தீர்ந்துபோயிருக்கும். செடி பச்சையாகத்தான் நிற்கும். கதிரை உரித்தால் ஒரு மணி இருக்காது.

அந்த ஒன்பது நாளைக் குறைக்க வேண்டும். இதுதான் டாக்டர் ஆறுமுகநயினாரின் வாழ்க்கை. வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்தி, அப்போதும் சீக்கிரம் நூல் விட்ட செடிகளை மட்டும் எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து, மறுபடி விதைத்து, மறுபடி நிறுத்தி. ஒன்பது நாள் எட்டாக நாலு வருஷம் ஆயிற்று.

வெயிலும் தாகமும் போதாதென்று நான் வேறு இருந்தேன். என் வேலை அவருடைய செடியைக் கொல்வது. தண்டுத் துளைப்பான் என்று ஒரு புழு. குருத்துக்குள் இறங்கும். சுருண்டிருக்கும் இலையைத் தின்று, அது விரியும்போது வரிசையாய் ஓட்டை விழச் செய்யும். பிறகு தண்டுக்குள் நுழைந்து நடுக்குருத்தைக் காயவைத்துவிடும். தண்ணீர் இருந்தால் செடி வளர்ந்து தப்பிக்கும். தண்ணீர் இல்லாத செடியில் புழு வைத்ததுதான் சட்டம். நான் ஆய்வகத்தில் அந்தப் புழுக்களை வளர்த்து, தூரிகையால் எடுத்து, செடிக்குப் பத்து வீதம் குருத்தில் விடுவேன். நயினார் சார் பக்கத்தில் நின்றுகொண்டு, "உங்க பிள்ளைகளுக்கு இன்னைக்கு விருந்து" என்பார்.

எழுபத்திரண்டில் எனக்கு ஒரு தவறு நேர்ந்தது. புழுக் கணக்கை மாற்றி எழுதி, அவருடைய ஆகச் சிறந்த வரிசையில் செடிக்கு இருபது விட்டுவிட்டேன். ஐந்து வருஷத்து உழைப்பு. பத்து நாளில் குருத்தெல்லாம் காய்ந்து, பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. ஒவ்வொரு செடியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் கூப்பிட்டார். "ஞானம்மா, இங்க வாங்க. மூணு நிக்குது."

நாற்பதில் மூன்று. தாகத்தில், வெயிலில், இரட்டிப்புப் புழுவில் நின்ற மூன்று. அந்த மூன்றிலிருந்துதான் பிறகு வந்த அத்தனையும். எண்பத்தொன்றில் நூல் விடும் இடைவெளி மூன்று நாளுக்கு வந்துவிட்டது. ஒன்பதிலிருந்து மூன்று! அதற்கு அவர் செய்த கொண்டாட்டம் என்ன தெரியுமா? அந்தச் செடிகளில் விளைந்ததை மாவாக்கி வேலிக்கு அப்புறம் இருக்கும் காலனி வீடுகளுக்குக் கொடுத்து அனுப்பினார். அங்கே நம் தென்மாவட்டத்துக் கட்டடத் தொழிலாளிகளும் இந்த ஊர்க்காரர்களும் கலந்து குடியிருக்கிறார்கள். மறுநாள் அங்கிருந்து சரசம்மா வந்தார். இதோ, சுவரோரம் நிற்கிறார். "எப்படி இருந்தது?" என்று கேட்டார் சார்.

"புட்டு வெச்சேன் சாரே. அரிசிப்புட்டு போல வராது. பட்சே வயிறு நெறைஞ்சது" என்றார் சரசம்மா.

அந்த ஒரு சொல்லுக்காக அவர் பதினாலு வருஷம் காத்திருந்தார் என்று அன்று எனக்குத் தோன்றியது.

இனி இந்த ஆண்டுக்கு வருகிறேன்.

சென்ற ஐப்பசியில் மழை இல்லை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் திருவனந்தபுரத்தில் ஆனி மாதம் வரை மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோமே, நம் ஆயுளில் நடந்ததா? மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. அப்படிப்பட்ட ஆண்டில்தான் மூவர் குழு மே மாதம் வந்து மக்காச்சோளத் திட்டத்தைப் பார்க்கும் என்று கடிதம் வந்தது. போதிய விதை விளைந்திருந்தால் விவசாயிகள் நிலத்துக்குப் போகும். இல்லாவிட்டால் திட்டம் மூடப்படும்.

தை மாதம் விதைத்தார். எட்டு சென்ட். ஆயிரத்து இருநூறு செடி. கையிலிருந்த நல்ல விதையில் பெரும்பகுதி அதில் போய்விட்டது. குளிர் அறையில் நாலு சின்னத் தகர டப்பா மட்டும் மிச்சம்.

மார்ச் முதல் வாரம் ஆண்பூ தலைகாட்டியது. அந்தப் பத்து நாள் வந்துவிட்டது. மேட்டில் இருக்கும் நிலையத்துக் கிணற்றில் ஒரு நாளைக்கு ஊறும் தண்ணீர் அறுபது குடம். நயினார் சார் அளந்து வைத்திருந்தார். செடிக்கு ஒரு செம்பு. ஒரு குடம் இருபது செடி. அறுபது குடம் ஆயிரத்து இருநூறு செடி. அத்தனை சரியாக இருந்தது கணக்கு. பத்து நாள் போதும். அதற்குப் பிறகு மழையே வராவிட்டாலும் அவருடைய செடி மணி பிடித்துவிடும்.

பத்தாம் தேதி காலை எட்டு மணிக்கு இசக்கிப்பாண்டி அவருடைய அறைக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன்.

"ஐயா, கேட்டுக்கு வெளிய பொம்பளைக வந்து நிக்காவ. குடத்தோட நிக்காவ. நான் முடியாதுன்னு சொல்லிட்டேன். போவ மாட்டேங்காவ."

நயினார் சார் எழுந்து போனார். நானும் போனேன். பன்னிரண்டு பெண்கள். முன்னால் சரசம்மா. லாரித் தண்ணீர் வந்து ஐந்து நாள் ஆகிவிட்டது. காலனிக் கிணற்றில் அடிச்சேறு. அதைக் குடித்து இரண்டு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு.

"சாரே, குழந்தையளுக்குக் குடிக்க ஒரு துள்ளி வெள்ளம் இல்ல. உங்க கிணத்துல உண்டு. நாங்க வேற எங்க போவும்?"

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எத்தனை வீடு?"

"முப்பத்தெட்டு வீடு சாரே."

அவர் திரும்பி நடந்து செடிகளுக்கு நடுவில் போய் நின்றார். எவ்வளவு நேரம்? அரைமணி இருக்கும். ஆளுயரச் செடி. அவருடைய தலை மட்டும் தெரிந்தது. நான் வரப்பில் நின்றிருந்தேன். கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது நான் சொன்னேன், "சார், ஒரு நாள் அவங்களுக்கு, ஒரு நாள் செடிக்குன்னு வெச்சுக்கலாமே."

"குடிக்கிற தண்ணிய ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடிக்க முடியுமாம்மா?"

"வறட்சியைத் தாங்குற செடிதானே சார். கொஞ்சம் தாங்காதா?"

கேட்டேன்! பக்கத்திலேயே பதினாறு வருஷம் இருந்த நான் அப்படிக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். "தாங்கும்னா தண்ணியே வேண்டாம்னு அர்த்தமில்ல ஞானம்மா" என்றார். பிறகு இசக்கிப்பாண்டியிடம், "கேட்டைத் திறந்துவிடுங்க. பம்பு வேண்டாம், கலங்கிரும். கயித்தைப் போட்டு இறைச்சுக் குடுங்க. வீட்டுக்கு எவ்வளவுன்னு அவங்களே பங்கு வெச்சுக்கிடட்டும்" என்றார்.

நிலையத்துத் தண்ணீரை வெளியாட்களுக்குக் கொடுக்கக் கூடாது, மீறிக் கேட்டைத் திறப்பவருக்கு வேலை இல்லை என்று பிப்ரவரியிலேயே சுற்றறிக்கை வந்திருந்தது. அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். சாவியை வைத்திருந்த இசக்கிப்பாண்டிக்கும் தெரியும். அவர் போய்த் திறந்தார்.

அன்று முதல் லாரி ஒழுங்காக வரத் தொடங்கும் வரை இருபத்திரண்டு நாள், தினமும் அறுபது குடம். ஒரு குடம்கூடச் செடிக்கு இல்லை.

அந்த நாட்களில் எட்டு சென்டில் நடந்ததைப் பார்த்தவர்கள் மூன்று பேர்தான். தினமும் பகல் ஒரு மணிக்கு அவரோடு நானும் நின்றேன். முப்பத்தேழு டிகிரி வெயில். இலைகள் வெற்றிலைச் சுருளாகச் சுருண்டன. மாலையில் கொஞ்சம் விரிந்தன. ஆண்பூ மலர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஓரத்தில் நட்டிருந்த சாதாரணச் சோளம் ஒரு நூல்கூட விடாமல் நின்றபடியே காய்ந்தது. ஆனால் நயினார் சாருடைய செடிகள்? மூன்றாம் நாள்! சரியாக மூன்றாம் நாள், ஒரு செம்புத் தண்ணீர் இல்லாமல், தொள்ளாயிரத்துப் பதினாறு செடிகள் நூல் விட்டன! நான் எண்ணினேன். அவர் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை, இசக்கிப்பாண்டி ஒரு வரிசையாக எண்ணினோம். வெளிர்பச்சையாய், ஈரமாய், காற்றில் ஆடிய அந்த நூலை அவர் விரலில் எடுத்துப் பார்த்தார். "வந்துட்டுது" என்றார்.

நூல் வந்தது. ஆனால் அதை ஈரமாக வைத்திருக்கத் தண்ணீர் வேண்டுமே! மத்தியானத்துக்குள் நுனி கருகியது. மகரந்தம் விழுந்தது, காய்ந்த நூலில் விழுந்தது, முளைக்கவில்லை. மறுநாள் காலை புது நூல், மத்தியானம் கருகல். ஆறு நாள் அப்படிப் போராடின. ஆறு நாளும் வரப்பைத் தாண்டிப் பெண்கள் குடம் சுமந்து போனார்கள். ஒரு குடம் இருபது செடி. அவர் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் பார்த்தேன், ஒவ்வொரு குடமாகப் பார்த்தேன். பார்த்து மனத்துக்குள் இருபது இருபதாகக் கழித்தேன். அந்தப் பாவத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குழந்தைகளின் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை.

மே மாதம் குழு வந்தது. அன்று காலை அவர் என் ஆய்வகத்துக்கு வந்தார். "தண்ணி குடுத்த விஷயம் வெளிய வரக் கூடாது ஞானம்மா" என்றார். நான் சண்டை போட்டேன். "நான்தான் திறக்கச் சொன்னேன்னு நீங்க எழுதிக் குடுங்க சார். உங்களைத் தூக்கிலயா போடுவாங்க?"

"என்னை ஒண்ணும் செய்ய மாட்டாங்க. விளக்கம் கேப்பாங்க, நோட்டீஸ் குடுப்பாங்க. தினக்கூலிக்கு விளக்கம் உண்டா? நாளைக்கு வராதேன்னா முடிஞ்சது. பதினாறு வருஷம் கழிச்சு ஆவணியில இசக்கிப்பாண்டிக்கு நிரந்தர உத்தரவு வருது. மூணு மாசம். நீங்க வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லுங்க."

சொன்னேன்.

குழுவினர் கதிரை உரித்தார்கள். வெறும் சக்கை. இன்னொன்று. வெறும் சக்கை. ஒருவர் கேட்டார்: "டாக்டர் ஆறுமுகநயினார், பதினாறு வருஷம் செஞ்சது இதுதானா?"

"ஆமா. செடி தாங்கல்லை."

இயக்குநர் அவர்களே, நீங்களும் அன்று அங்கே நின்றீர்கள். உங்களுக்குத் தெரியாது. மேட்டுக் கிணறு உங்கள் அலுவலகத்திலிருந்து பார்த்தால் தெரியாத தூரம், தெரிந்துகொள்ள வழியில்லை. நாங்கள் மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

ஜூன் ஆறாம் தேதி திட்டத்தை மூடும் உத்தரவு வந்தது. மூடிய திட்டத்துக்கு எதற்குக் குளிர் அறை? மின்வெட்டுக் காலம் வேறு. யாரோ அணைத்துவிட்டார்கள். அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர் காய்ச்சலில் வீட்டில் இருந்தார். அந்த மாதம் பாதியில்தான் மழை வந்தது. கொட்டியது! சுவரெல்லாம் ஊறியது! இருபத்தெட்டாம் தேதி அவர் வந்து அறையைத் திறந்திருக்கிறார். ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது நாலு டப்பாக்களும் திறந்திருந்தன. அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். விதையெல்லாம் ஓட்டை. பூசணம் பிடித்த மாவு. அதில் கறுப்புக் கறுப்பாய் வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

"ஞானம்மா, உங்க பிள்ளைக வந்திருக்கு."

ஏழாம் நாள், ஜூலை ஐந்து, காலைக் காப்பியை வாங்கி வைத்துக்கொண்டவர் குடிக்கவில்லை. ஆவுடைத்தாய் அக்கா அடுக்களையிலிருந்து வந்து பார்த்தபோது ஆறிப்போயிருந்தது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார்.

அவருடைய மனத்திடத்தைச் செடியோடு ஒப்பிட்டு இங்கே ஒருவர் அழகாகப் பேசினார். நான் ஒப்பிட மாட்டேன். ஒப்பிட்டால் எதுவும் திரும்பி வருமா? நட்டம் நட்டந்தான். இந்த மண்ணில் தாகத்தையும் வெயிலையும் புழுவையும் ஒருசேர எதிர்த்து நின்ற ஒரு விதை இருந்தது. அது இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை. அந்த டப்பாக்களிலிருந்து ஓட்டையில்லாத மணிகளாகப் பொறுக்கி எடுத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. ஈரத்துணியில் வைத்தேன். ஏழு நாள் காத்திருந்தேன். பத்து நாள் காத்திருந்தேன். இன்று காலை வரை காத்திருந்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட முளைக்கவில்லை!

ஆகவே, அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று நான் எப்படிச் சொல்வேன்? தொடர்வதற்கு அவர் எதையும் விட்டுச் செல்லவில்லையே! எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஓய்வுக்கு இரண்டு வருஷம். அவருக்குப் பதினாறு வருஷம் பிடித்தது. வாக்குறுதி கொடுக்க எனக்கு வயதில்லை. நம்பிக்கையும் இல்லை. இருப்பதாகச் சொன்னால் அது இரண்டாவது பொய்.

இந்த மேடையில் இதைச் சொல்ல எனக்குத் துணிவு வந்தது எப்படி? கொடுத்த வாக்கை மீறலாமா? நான் மீறவில்லை. என்னை விடுவித்தவர் இசக்கிப்பாண்டி. நேற்று அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நாளைக்குக் கூட்டத்துல சொல்லிருங்கம்மா. எல்லாத்தையும் சொல்லிருங்க."

"உத்தரவு வர இன்னும் ஒரு மாசந்தானே இருக்கு. யோசிச்சீங்களா?"

"எனக்காவ ஒரு மனுசன் பொய் சொல்லிட்டுச் செத்துப் போனாரு. அந்த உத்தரவ வாங்கி நான் என்னத்துக்கு? சாவி என் கையில இருந்துச்சு. தொறந்தது நான். இன்னொரு தடவ வந்து நின்னாவன்னாலும் தொறப்பேன்."

இயக்குநர் அவர்களே, அவர் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். அவரை என்ன செய்வீர்கள் என்பது உங்கள் கையில். சுவரோரம் நிற்கும் இந்தத் தாய்மார்கள் அந்தத் தண்ணீர் எதன் பங்கு என்று இன்றுவரை அறியாதவர்கள். சரசம்மா, அழாதீர்கள். நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் அதைத் தெரிந்தே கொடுத்தார். உங்கள் முப்பத்தெட்டு வீட்டிலும் இந்தக் கோடையில் ஒரு குழந்தையும் சாகவில்லை என்பதை அவர் என்னிடம் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

ஆவுடைத்தாய் அக்கா, தலையை நிமிர்த்துங்கள். உங்கள் வீட்டுக்காரர் தோற்கவில்லை. தொள்ளாயிரத்துப் பதினாறு செடி. மூன்றாம் நாள். நானே சாட்சி.

வாக்குறுதி இல்லை என்றேன். ஆனால் ஒன்று நடந்துவிட்டது. அதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். இன்று காலை ஈரத்துணியைப் பிரித்தபோது இசக்கிப்பாண்டி என் பக்கத்தில் நின்றார். ஒன்றும் முளைக்கவில்லை என்றேன். அவர் குனிந்து ஒரு மணியை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"அப்போ மொதல்ல இருந்தாம்மா?"

"முதல்ல இருந்துதான். கடையில கிடைக்கிற சாதாரண விதையில இருந்து."

"பதினாறு வருசமா?"

"ஆமா."

"எனக்கு அம்பது ஆச்சு."

"தெரியும். எனக்கும் ரெண்டு வருஷந்தான் இருக்கு. நிலமும் இல்ல. அந்த மேட்டை வேறெதுக்கோ குடுக்கப் போறாங்க."

அவர் துணியை மடித்து வைத்தார். "வள்ளியூருக்குக் கெழக்க எங்க அப்பன் வழியில இருவது சென்ட் கெடக்கு. கெணறு கெடையாது. மழ பெஞ்சா உண்டு, பெய்யாட்டி இல்ல."

"கிணறு இல்லாம எப்படி?"

"கெணறு இல்லாத எடந்தான நமக்கு வேணும்" என்றார். பிறகு கேட்டார்: "எப்ப உழணும்?"

நாளை திங்கட்கிழமை நான் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எல்லாரும் எழுந்து நில்லுங்கள். டாக்டர் ஆறுமுகநயினாரின் பெயரைச் சொல்லி இரண்டு நிமிடம் பேசாமல் நிற்போம். அவர் ஆன்மா அமைதியடையட்டும் என்று நான் வேண்டிக்கொள்ளப் போவதில்லை. அந்த அறிக்கையில் "செடி தாங்கவில்லை" என்ற வரி இருக்கும் வரை நமக்கு அமைதி வேண்டாம். இயக்குநர் அவர்களே, அதை அடிக்க வேண்டியது உங்கள் பேனா.

எங்கள் இரண்டு பேருக்கும் நாளைக் காலை ஆறு மணிக்குத் தம்பானூரிலிருந்து வள்ளியூர் பஸ்.